மூன்று வாசலுக்கு ஒரு கொடி

கொண்டப்பநாயக்கன்பட்டி
தாது வருஷம், ஆவணி மாதம் 20-ம் தேதி

நாமகிரிப்பேட்டை ஆத்தாயிக்கு, அவள் வீட்டுக்காரன் சின்னண்ணன் ஆசீர்வாதம் சொல்லி எழுதிவிப்பது.

இங்கே நானும் மகள் பொன்னாயியும் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் மனசு வரவில்லை. அதனால் இந்தக் கடிதம். எழுத்து பள்ளிக்கூடத்து வாத்தியார் சுவாமிநாதனுடையது, பேச்சு என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுத வேண்டும், அழகு பார்த்து எதையும் விடக்கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் அங்கிருந்து புறப்பட்டது வைகாசியில், சந்தைக்கு மறுநாள். நம் பையன்கள் ராசப்பனும் சுப்பையனும் வீட்டைப் பாகம் பிரித்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், யார் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பெரியவனுக்குத் தலைவாசலோடு கிழக்குப் பாதி. சின்னவனுக்கு மேற்குப் பாதி, அவன் சுவரை உடைத்துப் புது வாசல் வைத்துக்கொள்வான். நடுவில் கிடக்கிற ஓலைக் குடிசை, அந்தக் கன்றுக்குட்டிச் சாளை, பெற்றவர்களுக்கு. "அய்யனுக்கும் ஆத்தாளுக்கும் அது போதுமுங்களே" என்றவன் ராசப்பன். தலையாட்டியவன் சுப்பையன். நான் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா ஆத்தாயி" என்றேன். நீ முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாய். புடைக்கிற கை நிற்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

இப்போது பருத்தி வண்டியோடு வந்த சின்னான் ஒரு சேதி சொன்னான். சாளைக்கு முன்னால் உடைந்து கிடந்த தண்ணீர்த் தாழியில் மண்ணைப் போட்டு அரசாணி விதை ஊன்றியிருக்கிறாயாம். (வாத்தியார் பரங்கி என்று எழுதப் பார்த்தார், அரசாணி என்றே எழுதச் சொன்னேன்.) கேட்டுச் சிரித்தேன். கத்தரியும் மிளகாயுமா அது, கால் மடக்கி உட்கார? மேட்டுக்காட்டுக் கிணற்றடியில் நான் போட்ட அரசாணி மூன்று வரப்பைத் தாண்டிப் போய்ச் சோளக்காட்டுக்குள் காய்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். காயைத் தேடி எடுக்கவே ஒரு பொழுது போனது. அந்தக் கொடியை நீ இரண்டு சுவருக்கு நடுவில், ஒரு கட்டில் போட்டால் மறு கட்டில் போட முடியாத இடத்தில் வளர்க்கப் போகிறாய்.

பொன்னாயி வீட்டில் வேண்டிய இடம் இருக்கிறது. கிளம்பி வா. தலையைக் குனிந்து நுழைகிற அந்தச் சாளைக்கு நான் வரமாட்டேன். என் வீட்டில் நான் ஒரு வாசலைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்று வாசலாகப் போன வீட்டில் கால் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சின்னண்ணன்
(கைநாட்டு)

நாமகிரிப்பேட்டை
தாது வருஷம், புரட்டாசி மாதம் 8-ம் தேதி

ராசப்பன் அய்யனுக்கு ஆத்தாயி கும்பிட்டுச் சொல்லி எழுதியது.

கடிதம் வந்தது. சின்ன மருமகள் சௌந்திரம் படித்துச் சொன்னாள். இதை எழுதுகிறவளும் அவள்தான். ஆகையால் மருமகள்களைப் பற்றி உங்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதில் வராது. வந்தாலும் அவள் எழுதமாட்டாள். (எழுதிவிட்டேன் மாமா. சௌந்திரம்.)

நான் சுகம். கால் முட்டி மட்டும் காலையில் எழ யோசிக்கிறது. சாளை வாசலில் என் தலை தட்டவில்லை, நான் குட்டைதானே. மழைக்கு முன் ஓலை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். ராசப்பன் ஓலை கொண்டுவந்து போட்டான். சுப்பையன் ஏறிக் கட்டினான். இரண்டு பேரும் ஒரே கூரையில் நின்று ஒரு பேச்சுப் பேசவில்லை. ஒருத்தன் எறிந்ததை ஒருத்தன் பிடித்தான்.

அரசாணிக்கு ஓட இடம் வேண்டும் என்கிறீர்கள். ஓடவிட்டால்தானே இடம் வேண்டும்? மூன்று விதை முளைத்தது. நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, என்ன செய்வது, தாழி ஒன்றுதானே. எரு ராசப்பன் குப்பைக்குழியில் வாங்கினேன், சாம்பல் சௌந்திரம் அடுப்பில் வாங்கினேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீரெல்லாம் அதற்குத்தான். கொடி முழங்கை நீளம் வந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிட்டேன். பக்கத்துக்கு ஒரு கிளை அடித்தது. கிழக்குச் சுவருக்கு ஒன்று, மேற்குச் சுவருக்கு ஒன்று, படல் கட்டிக் கூரைக்கு ஒன்று. மிச்சத்தைக் கிள்ளிக் கீரையாகக் கடைந்துவிட்டேன். கீழே இடம் இல்லாவிட்டால் போகிறது, மேலே யாரும் சுவர் வைக்கவில்லை.

பொன்னாயியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். மகள் வீட்டுக்கு நோம்பி, பண்டிகை என்று வந்து நாலு நாள் இருப்பேன். அதற்கு மேல் இருக்கமாட்டேன். அன்றைக்கு நீங்கள் "வா" என்றபோது நான் எழாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. நேரில் வந்தால் சொல்வேன்.

கம்பளி ஒன்றுதான் எடுத்துப் போனீர்கள். ஐப்பசிக் குளிருக்கு அது போதாது. இன்னொன்று சின்னான் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆத்தாயி

விலாசத்தில் மாமா பெயரை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அத்தை சொல்லமாட்டேன் என்கிறார்கள், நானும் சொல்லக்கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டு எழுதினேன். - சௌந்திரம்

கொண்டப்பநாயக்கன்பட்டி
தாது வருஷம், ஐப்பசி மாதம் 19-ம் தேதி

ஆத்தாயிக்கு ஆசீர்வாதம்.

கம்பளி வந்து சேர்ந்தது. ஓரத்தில் கிழிசலைத் தைத்திருக்கிறாய். அந்தக் கிழிசல் காளிப்பட்டித் தைப்பூசத்தில் வண்டிக்கடையாணி மாட்டிக் கிழிந்தது. வண்டி ஓட்டியவன் சுப்பையன். அவனுக்கு அப்போது மீசை முளைக்கவில்லை.

இங்கே மலை மேல் ஓயாத மழை. ஏற்காட்டுக்குப் போகிற வண்டிகள் அடிவாரத்தில் நின்றுவிடுகின்றன. மாப்பிள்ளையின் காளைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்கிறார்கள். போன வாரம் வண்டிப்பேட்டையில் ஒருத்தன் நாலு பேர் கேட்கக் கூப்பிட்டான்.

"ஏனுங்க மாமனாரே, மாப்ள ஊட்டுச் சோறு மெத்துனு இருக்குதுங்களா?"

"உங்கொப்பன் கண்ணாலத்துக்கு நான் வந்திருந்தன்டா. மாப்பளயே பந்தில மூணு தடவ உக்காந்த கண்ணாலம் அது ஒண்ணுதான். சோத்தப் பத்தி உங்கூட்டுக்காரங்க பேசலாமா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் மட்டும் வீட்டுக்கு வந்து இராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொன்னாயிக்குக் காரணம் தெரியாது. நீயும் எழுதாதே.

கொடி எதுவரைக்கும் போயிருக்கிறது? தண்டு பென்சில் கனமா, விரல் கனமா? இலைக்கு அடியில் பூச்சி விழுந்திருந்தால் விடிகாலையில் சாம்பலைத் தூவு, வெயில் ஏறினால் ஒட்டாது. இதெல்லாம் உனக்குத் தெரியாதென்று சொல்லவில்லை. கேட்க வேறு என்ன இருக்கிறது?

வாத்தியார், "வருகிறீரா இல்லையா என்பதை எழுதவில்லையே" என்கிறார். எழுத என்ன இருக்கிறது? சுவர் விழுந்தால் வருகிறேன் என்று எழுதச் சொன்னேன்.

சின்னண்ணன்
(கைநாட்டு)

நாமகிரிப்பேட்டை
தாது வருஷம், மார்கழி மாதம் 6-ம் தேதி

ராசப்பன் அய்யனுக்கு ஆத்தாயி கும்பிட்டு எழுதச் சொன்னது.

தண்டு என் கட்டை விரல் கனம். கூரையில் ஏறின கிளை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. கார்த்திகைத் தீபத்துக்கு முன்னாலேயே பூ எடுத்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தால் மஞ்சளாக அப்படி இருக்கிறது. ஆனால் மனசு சரியில்லை, அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

மார்கழி பிறந்ததும் வாசலில் சாணிப் பிள்ளையார் பிடித்து அரசாணிப் பூ வைக்க வேண்டுமே. முன்னெல்லாம் நம் வீட்டுக்கு ஒரு வாசல். ஒரு பிள்ளையார், ஒரு பூ. இப்போது செல்லியம்மாள் தலைவாசலில் ஒன்று வைக்கிறாள். பெரிய மருமகள் ஒன்று வைத்தால் சின்ன மருமகள் இரண்டு வைக்க வேண்டாமா? (மூன்று வைத்தேன். பொய் எழுத வரவில்லை. சௌந்திரம்.) மறுநாள் தலைவாசலில் ஐந்து. என் சாளைக்கு முன்னால் நான் ஒன்றாவது வைக்காமல் இருக்கலாமா? விடிவதற்குள் கிழக்குச் சுவரில் ஒரு கை, மேற்குச் சுவரில் ஒரு கை. பிஞ்சோடு இருக்கிற பூவை யாரும் தொடவில்லை, அது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பிஞ்சில்லாத பூவைத்தான் பறித்தோம். அது வெறும் பூ, போனால் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது பார்த்தால், வைக்கிற பிஞ்செல்லாம் நெல்லிக்காய் அளவு வந்து மஞ்சளாகிச் சூம்பி விழுகிறது. தினம் காலையில் தாழியைச் சுற்றிப் பொறுக்கி எடுக்கிறேன். தண்ணீர் குறையில்லை, எரு குறையில்லை, பூச்சி இல்லை. செல்லியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க அத்தை" என்கிறாள். அந்த ஆரோ யார் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். இவளும் சும்மா இருக்கவில்லை, "கண்ணு வெக்கறவிய ஊட்டுச் சாம்பலா போட்டாங்க, எருவுதான போட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். நேற்று முழுக்க இரண்டு பக்கமும் பாத்திரம்தான் பேசியது.

ஒரு கொடியை நம்பி உட்கார்ந்திருக்கிறேன் என்று சிரிக்காதீர்கள். இந்த ஏழு மாதத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவென்று இருப்பது இது ஒன்றுதான்.

ஆத்தாயி

கொண்டப்பநாயக்கன்பட்டி
தாது வருஷம், மார்கழி மாதம் 14-ம் தேதி

ஆத்தாயிக்கு,

சிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுத வேண்டும் என்று வாத்தியாரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பிஞ்சு ஏன் விழுகிறது என்று கேட்கிறாய். பிரிந்த வீட்டில் எது தங்கும்? மூன்று அடுப்புப் புகைகிற இடத்தில் அரசாணி காய்க்கவில்லை என்று நீ ஆச்சரியப்படுகிறாய். எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதற்கு முந்தின தாது வருஷத்தில், அந்தப் பெரிய பஞ்சத்தில், எனக்கு எட்டு வயது. அறுபது வருஷம் சுற்றி அதே பெயரில் வருஷம் வந்திருக்கிறது, ஊரெல்லாம் பயந்து தானியம் பதுக்குகிறார்கள். எனக்குப் பஞ்சம் வந்துவிடும் என்று பயம் இல்லை. அந்தப் பஞ்சத்தில் நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்பதை என் மக்கள் மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். அப்போது நம் வீட்டில் பதினான்கு பேர். கிணறு வற்றி அடியில் தவளை செத்துக் கிடந்தது. ஒவ்வொரு மாடாகப் போனது. ராசிபுரம் போகிற பாதையில் புளியமரத்தடியில் விழுந்து கிடந்தவர்களை நான் தாண்டி நடந்திருக்கிறேன். எதிர் வளவு வீட்டில் அண்ணன் தம்பி நாலு பேர் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். அவன் பானையை இவன் எட்டிப் பார்க்க, இவன் பானையை அவன் எட்டிப் பார்க்க, ஆடி மாதத்துக்குள் அந்த வளவில் படல் சாத்த ஆள் இல்லை.

நம் வீட்டில் ஒரே அடுப்பு. குதிர்ச் சாவி பெரியப்பன் இடுப்பில். கூழை அவரே அகப்பையில் மொண்டு ஊற்றுவார். தன் மகனுக்கு எவ்வளவோ தம்பி மகனுக்கும் அவ்வளவு. அகப்பையின் காம்பில் ஒரு கரி வடு இருந்தது, அதைக்கூட நான் இப்போது வரைந்து காட்டுவேன். பதினான்கு பேரில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. ஒரே அடுப்பு எங்களைக் காப்பாற்றியது. அந்த அடுப்பைத்தான் உன் மக்கள் மூன்றாக உடைத்தார்கள். நீ உட்கார்ந்து ராகி புடைத்தாய்.

கொடியைப் பிடுங்கிப் போடு. பொங்கலுக்குள் இங்கே வந்துவிடு. வரவில்லையென்றால், எனக்கு மூன்று வாசலும் வேண்டாம், அந்த வாசலில் நிற்கிறவர்களும் வேண்டாம் என்று இருந்துவிடுகிறேன். இதற்கு மேல் கடிதம் இல்லை.

சின்னண்ணன்
(கைநாட்டு)

அம்மணிக்கு: இதை நான் விருப்பப்பட்டு எழுதவில்லை. - சுவாமிநாதன்

நாமகிரிப்பேட்டை
தாது வருஷம், தை மாதம் 9-ம் தேதி

ராசப்பன் அய்யனுக்கு ஆத்தாயி கும்பிட்டு எழுதச் சொன்னது.

பொங்கல் வந்தது, போனது. நான் வரவில்லை. கொடியையும் பிடுங்கவில்லை.

முதலில் கொடியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க சுப்பையனை ஏறச் சொன்னேன். "ஆத்தா, இங்க ஒண்ணு கெடக்குதே" என்றான். முகட்டுக்கு அந்தப் பக்கம், ஓலைக்குள் புதைந்து, ஒரு காய். தேங்காய் அளவு வந்துவிட்டது. எந்தச் சுவரிலிருந்தும் கை எட்டாத இடம் அது ஒன்றுதான். அங்கே வெறும் பூவும் பறிபோகவில்லை, பிஞ்சும் விழவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். வெறும் பூ என்று நாங்கள் பறித்ததுதான் தவறு. அந்தப் பூவிலிருந்து இந்தப் பூவுக்கு வண்டு எதையோ கொண்டுபோகிறது. வாசலுக்கு வாசல் போட்டி போட்டு விடிவதற்குள் நாங்கள் மொட்டையடித்துவிட்டால் வண்டு எதைக் கொண்டுபோகும்?

அதனால் இரண்டு மருமகள்களையும் கூப்பிட்டு ஒரு ஏற்பாடு சொன்னேன். பூவைப் பறியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்றே ஒன்று. பறித்ததை முதலில் பிஞ்சுள்ள பூவுக்குள் வைத்து மெதுவாகத் தடவிவிட்டு, அப்புறம் பிள்ளையாருக்கு வையுங்கள். கிழக்குச் சுவரில் பிஞ்சுப் பூ விரியும் நாளில் செல்லியம்மாளிடம் பூ இருக்காது. மேற்கே இருக்கும். "அவிய ஊட்டுல பூ பூத்துருச்சான்னு கேளுங்க அத்தை" என்பாள். கேட்கப்பட்டவள் இரண்டு முழத்தில் நின்றுகொண்டு, "பூத்துருச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பாள். நான் நடுவில் நின்று இரண்டையும் சொல்வேன். மார்கழி முடிகிறவரை இப்படித்தான் போனது. சுவர் விழவில்லை. இப்போது கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று நின்றிருக்கிறது. பாரம் தாங்க உறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கூரையில் இருப்பதற்கு வைக்கோல் சும்மாடு வைத்திருக்கிறேன். மூன்று போதும் என்று நுனியெல்லாம் கிள்ளிவிட்டேன்.

இனி நீங்கள் எழுதின அடுப்பைப் பற்றி.

உங்களுக்கு எதுவும் மறக்காது. அதை நான் கல்யாணமான வருஷத்திலிருந்து பார்க்கிறேன். ஆனால் எட்டு வயதில் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததுதான் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைப் பெற்ற வள்ளியாத்தாள் நின்ற இடம் வேறு. அவர்கள் கடைசியாகப் படுத்திருந்த மாதத்தில், ஒருநாள் நான் தலை வாரிவிடும்போது சொன்னார்கள். "எம் மகங்கிட்டச் சொல்லாத கண்ணு. அவனுக்குப் பெரியப்பன்னா சாமி மாதிரி. அது அப்படியே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் சொல்லவில்லை. சாமியைக் காட்டி நீங்கள் வீட்டை விட்டுப் போனபிறகு சொல்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை. எழுதுகிற சௌந்திரமும் கேட்கட்டும். அவளும் இந்த வீட்டுக்கு வந்தவள்தானே.

பெரியப்பன் அகப்பை ஆண்களுக்குச் சமம்தான். தம்பி மக்களுக்கும் சமம்தான். அதில் பொய் இல்லை. பெண்களுக்குப் பானையைக் கவிழ்த்துச் சுரண்டினது. போகப் போக அந்த அகப்பையே பாதியானது. உங்களுக்குக் கால் வீங்கிவிட்டதாம். அழுத்தினால் குழி விழுந்து நின்றதாம். அப்படி வீங்கின பிள்ளை பிழைத்ததை யாரும் பார்த்ததில்லை. மாடு போய்ச் சும்மா கிடந்த கன்றுக்குட்டிச் சாளையில் உங்கள் ஆத்தாள் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினார்கள். தாழியில் அரசாணி போட்டார்கள். அந்தத் தாழிதானா இது என்று எனக்குத் தெரியாது, நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினான்கு பேர் கை கழுவின தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றினார்கள். காய் காய்க்கிறவரைக்கும் காத்திருக்க நேரம் ஏது? இலை, பூ, தண்டு என்று வேகவைத்து, வெயிலில் எல்லாரும் சுருண்டு கிடக்கிற நேரத்தில் உங்களைக் கூப்பிட்டு ஊட்டினார்கள். பெரியப்பனுக்குத் தெரிந்திருந்தால், தனி அடுப்பு வைத்தவள் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பயந்து பயந்து எரித்தார்கள்.

நம் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. அதில் ஒன்று உங்களுக்காக எரிந்தது. ஒரே அடுப்பு என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டார்கள்.

அன்றைக்கு நீங்கள் "வா" என்றபோது நான் ஏன் எழவில்லை என்பதை நேரில் சொல்வேன் என்றேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் மாமியார் அடுப்பில் சமைத்தேன், அப்புறம் மருமகள்கள் அடுப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். "சாளை ஆத்தாளுக்கு" என்று ராசப்பன் சொன்னபோது உங்களுக்குத் தலை குனிந்தது. எனக்கு, என் இஷ்டத்துக்கு ஒரு அடுப்பு மூட்டலாம் என்று தோன்றியது. சொன்னால் தப்பாக நினைப்பீர்கள் என்று முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருவதென்றால் வாருங்கள். நான் எழுந்து வருவதாக இல்லை. ஆனால் இங்கே இடம் குறைவு என்பதை மனசில் வைத்துக்கொண்டு வாருங்கள். பாகத்து அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையெல்லாம் இதற்குள் வைக்க முடியாது. கிள்ள வேண்டியதைக் கிள்ளிவிட்டு வந்தால் இரண்டு பேர் இருக்கலாம்.

இனிக் கடிதம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் பழக்கப்படுத்திக்கொள்வேன். சாப்பிடாமல் மட்டும் படுக்காதீர்கள். பொன்னாயி சின்னானிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

ஆத்தாயி

எழுதி முடித்து நான் கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்துதான் உறை ஒட்டினேன் மாமா. - சௌந்திரம்

கொண்டப்பநாயக்கன்பட்டி
தாது வருஷம், தை மாதம் 27-ம் தேதி

ஆத்தாயிக்கு,

உன் கடிதத்தை வாத்தியார் படித்து முடித்தபோது, பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். என் ஆத்தாளை நீ பொய் சொன்னவளாக்குகிறாய் என்று கோபம். பெரியப்பனைச் சிறியவராக்குகிறாய் என்று அதைவிடக் கோபம். வாத்தியார் வழியில் பார்த்துக் கேட்டபோதெல்லாம் பதில் எழுத ஒன்றும் இல்லை என்றேன்.

நேற்று மத்தியானம் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். அப்போது என் ஆத்தாள் குரல் காதில் விழுந்தது. எனக்குக் காது மந்தமில்லை என்று உனக்குத் தெரியும். அந்த வருஷத்தில் தினமும் உச்சிப்பொழுதில் என்னைக் கூப்பிடுவாள். "சாமி, கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டலாம் வா" என்பாள். கூப்பிடும்போது அவள் முந்தானையில் புகை மணக்கும். நான் போவேன். கீரை ஊட்டுவாள், உப்பு இருக்காது. "பெரிய பானையில உனக்குன்னு எடுத்து வெச்சது" என்பாள்.

கன்றுக்குட்டி அந்தச் சித்திரையிலேயே போய்விட்டது, ஆத்தாயி. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள் ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போனான். அவனுக்கு இடது காதில் மட்டும் கடுக்கன். கன்று திரும்பித் திரும்பிப் பார்த்தது, நான் பின்னாலேயே ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் ஆத்தாள் தினமும் கன்றுக்குத் தண்ணீர் காட்டக் கூப்பிட்டது. இல்லாத கன்றுக்கு. இரண்டு நினைவும் அறுபது வருஷமாக என்னிடம்தான் இருந்தது. ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

காளைகள் குடித்து முடித்தும் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பொன்னாயி வந்து, "என்னுங்கய்யா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள். என் ஆத்தாள் பெயரைச் சொன்னேன். அவள் வாளியை வாங்கிக்கொண்டாள்.

பெரியப்பன் மேல் எனக்கு இன்னும் மனசு மாறவில்லை. அவருக்குத் தெரிந்த சமம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மாறாவிட்டால் போகட்டும், அதை நான் உன்னிடம் வாதாடமாட்டேன். மூன்று அடுப்பென்றால் எனக்கு இப்போதும் நெஞ்சில் ஒரு குத்து இருக்கிறது. ராசப்பன் சொன்னதும் சுப்பையன் தலையாட்டியதும் மறந்துவிட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். மறக்க எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் இருக்கப் பழகலாம். முதல் வாரம் தவறும். நீ முறத்தால் தட்டு.

அடுப்பு உன்னுடையது. நான் விறகு பிளந்து போடுகிறேன். என்ன சமைத்தாய் என்று கேட்கிறதோடு சரி, ஏன் சமைத்தாய் என்று கேட்கமாட்டேன்.

மாசி பிறந்து மூன்றாம் நாள் பொன்னாயி என்னைச் சேலத்தில் ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாள். ராசிபுரத்தில் இறங்கி நாமகிரிப்பேட்டைக்கு நான் வந்துவிடுவேன். பையன்கள் வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டாம். இரண்டு பேரும் வந்தால் யார் வண்டியில் ஏறுவது? ஒருத்தன் மட்டும் வந்தால் அதைவிடச் சங்கடம். நடந்தே வருகிறேன், வழி தெரியும்.

இதைப் படிக்கிற சௌந்திரத்துக்கு: குரலை உயர்த்திப் படி அம்மணி, கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லியம்மாளுக்கும் கேட்கட்டும்.

ஒன்றே ஒன்று, ஆத்தாயி. ஊர் வழி தெரியும் என்றேன். வீட்டு வழி தெரியாது. நான் விட்டு வந்தபோது அந்த வீட்டுக்கு ஒரு வாசல்தான் இருந்தது. தெருவில் வந்து நின்றுகொண்டு, எது நம்முடையது என்று இந்த வயதில் நான் யாரையும் கேட்க முடியாது. பொழுது சாய்கிற நேரத்துக்கு நீ வெளியே வந்து நில். நீ நிற்கிற வாசலுக்கு நான் வருகிறேன்.

சின்னண்ணன்
(கைநாட்டு)